ஹோட்டல் சட்டம் பற்றிய ஆய்வுக்கு எங்கே, எப்படித் தேடுவது? (வாலே பார்க்கிங், கெஸ்ட் உடைமை)

திருச்சி_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். ஹோட்டல் மேனேஜ்மென்ட் முதுகலை, கடைசி வருடம். ஆய்வேட்டுத் தலைப்பு முடிவாகிவிட்டது: கெஸ்ட்டின் வண்டியோ உடைமையோ காணாமல் போனால் ஹோட்டல் எந்த அளவுக்குப் பொறுப்பு, அதை இங்குள்ள ஹோட்டல்கள் எப்படிக் கையாள்கின்றன. வழிகாட்டி ஆசிரியர் சட்டமும் தீர்ப்பும் ஒரு பக்கம் வேண்டும், ஆய்விதழ்க் கட்டுரைகள் இன்னொரு பக்கம் வேண்டும் என்கிறார்.

கல்லூரி நூலகத்தில் எப்ஸ்கோ நிறுவனத்தின் கட்டுரை டேட்டாபேஸான 'ஹாஸ்பிடாலிட்டி அண்ட் டூரிசம் கம்ப்ளீட்' இருக்கிறது. அதில் 'ஹோட்டல் லயபிலிட்டி' என்று போட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பெரும்பாலானவை ஹோட்டல் கம்பெனிகளின் கடன், பேலன்ஸ் ஷீட் பற்றியவை. கூகுளில் போட்டால் வக்கீல் அலுவலகங்களின் வலைப்பதிவுகள். தாஜ்மஹால் ஹோட்டல் வழக்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதன் முழுத் தீர்ப்பு எங்கே கிடைக்கும் என்றுகூடத் தெரியவில்லை. நான் சட்டம் படித்தவள் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

முன்வாசல்_பாண்டி

நல்ல தலைப்பும்மா. ஃப்ரண்ட் ஆபீஸில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், டேட்டாபேஸைத் திறப்பதற்கு முன்னால் நாலு ஹோட்டல்களின் வாலே (கெஸ்ட்டின் வண்டியை வாங்கி நிறுத்தித் தரும் ஊழியர்) டோக்கனையும் ரெஜிஸ்ட்ரேஷன் கார்டின் பின்பக்கத்தையும் வாங்கிப் படி. 'வண்டி உரிமையாளரின் பொறுப்பில் நிறுத்தப்படுகிறது' என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த வரி கோர்ட்டில் நிற்குமா நிற்காதா என்பதுதான் உன் கேள்வியே. கேள்வி தெளிவானால் தேடுவது பாதி சுலபம்.

குமாஸ்தா_மதுரை

பாண்டி அண்ணன் சொன்னதுதான் அந்த வழக்கின் மையமே.

தங்கச்சி, வழக்கின் பெயர் தாஜ்மஹால் ஹோட்டல் எதிர் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனி. உச்ச நீதிமன்றம், 14 நவம்பர் 2019. குறிப்பு எண் (2020) 2 எஸ்சிசி 224. இதைப் படிக்கும் விதம்: 2020ஆம் ஆண்டின் சுப்ரீம் கோர்ட் கேசஸ் தொகுப்பு, 2ஆம் தொகுதி, 224ஆம் பக்கம். இதே தீர்ப்பு வேறு தொகுப்புகளில் வேறு எண்ணோடு இருக்கும். அதனால் ஒரு கட்டுரையில் ஏஐஆர் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர் தொகுப்பு) எண்ணும் இன்னொன்றில் எஸ்சிசி எண்ணும் பார்த்தால் இரண்டு வழக்கு என்று எண்ணிவிடாதே.

விஷயம் இதுதான். 1998 ஆகஸ்ட் 1ஆம் தேதி இரவு, டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலுக்கு ஒருவர் மாருதி ஜென்னில் வந்து வாலேயிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தால் வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு ஹோட்டல் மேல் நுகர்வோர் வழக்குப் போட்டது. டோக்கனில் 'கெஸ்ட்டின் பொறுப்பில்' என்று அச்சடித்திருக்கிறதே என்றது ஹோட்டல். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாவி கைமாறிய பிறகு வண்டி ஹோட்டலின் காவலில் இருக்கிறது, போதிய கவனத்தோடு பார்த்துக்கொண்டோம் என்று காட்டவேண்டியது ஹோட்டல்தான், தன்னுடைய அஜாக்கிரதைக்கு டோக்கனைக் காட்டித் தப்பிக்க முடியாது என்றது. அடிப்படை, 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பெய்ல்மென்ட் (ஒருவர் பொருளை இன்னொருவர் காவலில் ஒப்படைப்பது) பற்றிய 148, 151, 152 பிரிவுகள்.

முழுத் தீர்ப்பு இந்தியன் கானூன் என்ற இணையதளத்தில் இலவசம். உச்ச நீதிமன்றத்தின் சொந்தத் தளமான இ-எஸ்சிஆரிலும் காசில்லாமல் கிடைக்கும். 2023 ஜனவரியில் திறந்தார்கள். அதிகாரபூர்வமான சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ் அதில்தான் இருக்கிறது. படிப்பதற்கு கானூன், ஆய்வேட்டில் காட்டுவதற்கு இ-எஸ்சிஆர். என் சிபாரிசு இதுதான்.

திருச்சி_மாணவி

ரொம்ப நன்றி அண்ணா. கானூனில் 'தாஜ்மஹால்' என்று மட்டும் போட்டுப் பார்த்தேன், ஆக்ரா கல்லறைப் பக்கத்துத் தொழிற்சாலை மாசு வழக்கெல்லாம் வந்தது :)

குமாஸ்தா_மதுரை

ஹா ஹா, அது எம்.சி. மேத்தா வழக்கு. கட்சிக்காரர் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் போடு. அப்புறம் அந்தத் தளத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஆண்ட், ஆர், நாட் என்ற இணைப்புச் சொற்களை வழக்கம்போல எழுதினால் எடுத்துக்கொள்ளாது. ஒவ்வொன்றின் கடைசி எழுத்தையும் இரட்டித்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் (ANDD, ORR, NOTT) எழுதவேண்டும்.

அட்டவணை_அக்கா

கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி நூலகத்தில் பட்டியல் போடும் வேலை எனக்கு. இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒரு மாணவரிடமிருந்தாவது வந்துவிடும்.

முதல் சிக்கல், இந்தத் துறை நூலகத்தில் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நூல்களை எண்ணால் பிரிக்கும் டூயி வகைப்பாட்டில் விடுதி நிர்வாகம் 647.94, உணவகம் 647.95. சட்டமெல்லாம் 340களில், வேறு அலமாரியில், சில இடங்களில் வேறு மாடியில். டேட்டாபேஸிலும் இதே கதை. ஹாஸ்பிடாலிட்டி டேட்டாபேஸைக் கட்டியவர்கள் மேலாண்மைக்காரர்கள், அவர்களுக்கு 'லயபிலிட்டி' என்றால் கணக்குப் புத்தகத்தின் கடன் பக்கம். ஹெய்ன்ஆன்லைன், வெஸ்ட்லா போன்றவற்றைக் கட்டியவர்கள் சட்டக்காரர்கள், அவர்களுக்கு உன் துறையின் பெயரே 'இன்கீப்பர்ஸ்' (விடுதிக்காரர்கள்). வெஸ்ட்லாவின் பழைய டைஜஸ்ட் தலைப்பே அதுதான். 'ஹாஸ்பிடாலிட்டி லா' என்று போட்டால் பாடப்புத்தகங்கள் வரும், தீர்ப்புகள் வருவது அபூர்வம். எந்த நீதிபதியும் 'இது ஒரு ஹாஸ்பிடாலிட்டி வழக்கு' என்று எழுதுவதில்லை.

எனவே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக்கொள். சட்டப் பக்கம்: இன்கீப்பர், பெய்ல்மென்ட், பெய்லி (பொருளைக் காவலில் வைத்திருப்பவர்), நெக்லிஜென்ஸ் (அஜாக்கிரதை), இன்ஃப்ரா ஹாஸ்பிடியம் (விடுதியின் எல்லைக்குள் இருப்பது என்று அர்த்தம், தாஜ் தீர்ப்பிலும் வருகிறது). ஹாஸ்பிடாலிட்டி பக்கம்: கெஸ்ட் ப்ராபர்ட்டி, லாஸ் ப்ரிவென்ஷன், சேஃப்டி அண்ட் செக்யூரிட்டி, வாலே பார்க்கிங். முதல் பத்தியில் ஒன்று, இரண்டாவதில் ஒன்று என்று ஆண்ட் போட்டு இணை. ஒரே பத்தியின் சொற்களை அடைப்புக்குறிக்குள் ஆர் போட்டு அடுக்கு.

நட்சத்திரக் குறி போட்டுச் சொல்லை வெட்டுவதைக் கவனமாகச் செய். 'ஹோட்டல்' பிறகு நட்சத்திரம் சரி, ஹோட்டலியர், ஹோட்டல்ஸ் எல்லாம் சேர்ந்து வரும். விடுதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான 'இன்' என்பதில் வெட்டினால் தொலைந்தாய். 'இன்னோவேஷன்' என்ற சொல் இருக்கும் கட்டுரை ஒவ்வொன்றும் வந்து நிற்கும், இந்தத் துறையில் யார்தான் அந்தச் சொல்லை எழுதாமல் இருக்கிறார்கள்! அதேபோல 'ஹாஸ்பிட்' என்று வெட்டினால் மருத்துவமனைகள். இந்த இரண்டுக்கும் முழுச் சொல்லாகவே போடு.

எப்ஸ்கோவில் நெருக்கத் தேடல் உண்டு. இரண்டு சொல்லுக்கு நடுவே ஆங்கில 'என்' எழுத்தும் பக்கத்தில் 5 என்ற எண்ணும் போட்டால், இரண்டும் ஐந்து சொல் தூரத்துக்குள் இருக்கும் கட்டுரைகள் மட்டும் வரும். 'ஹோட்டல்' பக்கத்தில் 'நெக்லிஜென்ஸ்' என்று போட்டுப் பார். பேலன்ஸ் ஷீட் கூட்டம் அப்படியே ஒழிந்துவிடும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லித்தருவதில்லை. ஓரத்தில் 'பியர் ரிவ்யூட்' (துறை அறிஞர்கள் மதிப்பிட்டது) என்று ஒரு பெட்டி இருக்கும், ஆசிரியர்கள் அதை டிக் செய்யச் சொல்வார்கள். மேலாண்மைக் கட்டுரைக்கு அது சரி. சட்டக் கட்டுரைக்கு அந்த டிக்கை எடுத்துவிட்டு ஒரு தடவை தேடு. அமெரிக்காவின் சட்ட ஆய்விதழ்களில் பெரும்பாலானவற்றைத் தேர்ந்தெடுத்துத் திருத்துபவர்கள் சட்டக் கல்லூரி மாணவர்கள். 1887இல் தொடங்கிய ஹார்வர்டு லா ரிவ்யூவே அப்படித்தான். எனவே அந்தப் பெட்டி பல சமயம் நல்ல சட்டக் கட்டுரைகளையும் வெளியே தள்ளிவிடும். வழிகாட்டி கேட்டால் இந்தக் காரணத்தைச் சொல்.

கடைசியாக, பொருத்தமான ஒரு கட்டுரை கையில் சிக்கியதும் அதோடு தேடல் பெட்டியை மூடிவிடு. அந்தக் கட்டுரையின் பதிவுக்குக் கீழே பொருள் தலைப்புகள் இருக்கும், அவற்றைச் சொடுக்கு. அதன் அடிக்குறிப்புகளைப் படி, அது பின்னால் போகும் வழி. அதை யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார், அது முன்னால் போகும் வழி. நல்ல ஆதாரங்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் கிடைக்கும், புதுப் புதுச் சொல்லாகத் தட்டிக்கொண்டே இருப்பதால் அல்ல.

வாடகை_சைக்கிள்

இவ்வளவும் எதற்கு? சாட்ஜிபிடியிடம் 'வாலே பார்க்கிங் பற்றிய பத்து இந்தியத் தீர்ப்புகள் கொடு' என்றால் கொடுத்துவிடுகிறதே.

குமாஸ்தா_மதுரை

கொடுக்கும் தம்பி. அதில் எத்தனை உண்மையில் இருக்கிறது என்பதை நீதான் பார்க்கவேண்டும். 2023இல் நியூயார்க் ஃபெடரல் கோர்ட்டில் மாட்டா எதிர் அவியான்கா வழக்கில், சாட்ஜிபிடி கற்பனையாக உண்டாக்கிய தீர்ப்புகளை வக்கீல்கள் மனுவில் காட்டிவிட்டு 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். அந்தத் தீர்ப்புகளுக்குக் குறிப்பு எண், நீதிபதி பெயர் எல்லாம் அச்சாக இருந்தது. எங்கள் சீனியர் இப்போது ஜூனியர்கள் கொண்டுவரும் ஒவ்வொரு எண்ணையும் திறந்து காட்டச் சொல்கிறார். தேடுவதற்கு என்ன சொல் போடலாம் என்று அதைக் கேள், தப்பில்லை. வழக்கைக் கேட்காதே.

வாடகை_சைக்கிள்

சரி சார், கோபம் வேண்டாம்.

ஈப்போ_வாசகன்

மலேசியாவிலிருந்து. தங்கச்சி, ஒப்பீட்டுக்கு இரண்டு சட்டம் சொல்கிறேன். இங்கே 1952ஆம் ஆண்டின் இன்கீப்பர்ஸ் சட்டம் உண்டு (சட்டம் எண் 248). சிங்கப்பூரில் 1921ஆம் ஆண்டின் இன்கீப்பர்ஸ் சட்டம். இந்தியாவில் இப்படித் தனிச் சட்டம் இல்லாததால் உங்கள் நீதிமன்றம் ஒப்பந்தச் சட்டத்தின் பெய்ல்மென்ட் வழியாக வந்திருக்கிறது. ஆய்வேட்டில் இந்த வித்தியாசத்துக்கு ஒரு அத்தியாயமே எழுதலாம்.

குமாஸ்தா_மதுரை

அருமை. எல்லாவற்றுக்கும் பாட்டன் 1584ஆம் ஆண்டின் காலி வழக்கு, எட்வர்ட் கோக் தொகுத்த எட்டாம் பாகத்தில் இருக்கிறது. விடுதியில் தங்கியவரின் பொருள் களவு போனால் விடுதிக்காரர் பொறுப்பு என்ற ஆங்கிலப் பொதுச் சட்ட விதியை அங்கிருந்துதான் எல்லோரும் தொடங்குவார்கள். இங்கிலாந்தில் 1956ஆம் ஆண்டின் ஹோட்டல் ப்ரொப்ரைட்டர்ஸ் சட்டம் அதைக் கொஞ்சம் சுருக்கியது. அறிவிப்புப் பலகை முறைப்படி வைத்திருந்தால் ஒரு பொருளுக்கு 50 பவுண்டு, மொத்தம் 100 பவுண்டு என்று வரம்பு. ஹோட்டலின் தவறால் தொலைந்தாலோ, பாதுகாப்பில் வைக்கக் கொடுத்த பொருள் என்றாலோ அந்த வரம்பு கிடையாது. வண்டிகளுக்கும் வண்டிக்குள் விட்டுவைத்த பொருள்களுக்கும் அந்தக் கடுமையான பொறுப்பே இல்லை என்று தனியாகச் சொல்லிவிட்டார்கள். ஆக லண்டனில் சட்டம் வண்டியை வெளியே வைத்தது, டெல்லி வழக்கில் அதே வண்டிக்கு ஹோட்டல் பணம் கட்டியது. இரண்டும் வேறு வேறு வழியில் வந்த முடிவு, கவனமாக எழுது.

திருச்சி_மாணவி

1584 தீர்ப்பை எங்கே போய்ப் பார்ப்பது அண்ணா? வெஸ்ட்லா எங்கள் கல்லூரியில் இல்லை.

ஈப்போ_வாசகன்

காமன்வெல்த் நாடுகளின் சட்டத் தளமான காமன்எல்ஐஐ போதும், இலவசம். பழைய 'இங்கிலிஷ் ரிப்போர்ட்ஸ்' தொகுப்பு முழுவதும், 1220 முதல் 1873 வரை, ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார்கள். காலி வழக்கின் எண் 77 இஆர் 520. எண்ணைப் போட்டாலே நேராகப் போய்விடும். பழைய ஆங்கிலம், நடுநடுவே லத்தீன், ஒரே மூச்சில் படிக்க முடியாது. அதே குடும்பத்தில் இங்கிலாந்துக்கு பெய்லி என்ற தளம் (அக்கா சொன்ன சட்டச் சொல் பெய்லி வேறு), ஆஸ்திரேலியாவுக்கு ஆஸ்ட்எல்ஐஐ.

அட்டவணை_அக்கா

அமெரிக்கத் தீர்ப்புகளுக்கு கூகுள் ஸ்காலர். முகப்பில் 'ஆர்ட்டிகிள்ஸ்' பக்கத்திலேயே 'கேஸ் லா' என்று ஒரு பொத்தான் இருக்கிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி இன்கீப்பர் சட்டம். உதாரணமாக நியூயார்க்கின் பொது வணிகச் சட்டம் 200ஆம் பிரிவு: ஹோட்டல் பெட்டகம் வைத்து அறிவிப்பும் ஒட்டியிருந்தால், கெஸ்ட் தன் நகையைப் பெட்டகத்தில் வைக்காமல் அறையில் வைத்துத் தொலைத்தால் ஹோட்டல் பொறுப்பல்ல. பெட்டகத்தில் வைத்த பொருளுக்கும் பொதுவான வரம்பு 1,500 டாலர். நம் ஊர் ஹோட்டல் அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அறிவிப்பின் பூர்வீகம் இந்த மாதிரிச் சட்டங்கள்தான் என்பது என் ஊகம்.

முன்வாசல்_பாண்டி

ஊகம் சரிதான் மேடம். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் அறிவிப்பில் டாலர் குறியைக்கூட எடுக்காமல் ஒட்டியிருந்தார்கள்!

ஒரு கேள்வி. கெஸ்ட் தானே வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால்? எங்கள் இடத்தில் பாதிப் பேர் அப்படித்தான்.

குமாஸ்தா_மதுரை

அங்கே தாஜ் தீர்ப்பை அப்படியே தூக்கி ஒட்ட முடியாது அண்ணே. அதில் சாவியும் வண்டியும் ஹோட்டல் கைக்கு மாறிய உண்மைதான் அஸ்திவாரம். தானே நிறுத்தினால் காவல் கைமாறியதா என்பதையே முதலில் நிரூபிக்கவேண்டும். தங்கச்சி, தாஜ் தீர்ப்பை மேற்கோள் காட்டிய பிற்காலத் தீர்ப்புகளைத் தேடும்போது இந்த இரண்டு வகையையும் தனித்தனியாகக் குறித்துக்கொள். கானூனில் தீர்ப்பின் தலைப்புக்குப் பக்கத்திலேயே 'சைட்டட் பை' என்று ஒரு எண் இருக்கும், அதைச் சொடுக்கினால் பட்டியல் வரும்.

சாம்பார்_வாளி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு சர்வீஸ் சார்ஜ் பற்றி ஒரு செமினார். நுகர்வோர் ஆணையம் தடை போட்டதா, கோர்ட் அந்தத் தடைக்குத் தடை போட்டதா? ஒவ்வொரு கட்டுரையும் ஒன்று சொல்கிறது.

அட்டவணை_அக்கா

எல்லாக் கட்டுரையும் அததன் தேதிக்குச் சரியாகத்தான் சொல்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் (சிசிபிஏ) 4 ஜூலை 2022 அன்று, பில்லில் சர்வீஸ் சார்ஜைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் போட்டது. அதே மாதம் 20ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. 28 மார்ச் 2025 அன்று அதே நீதிமன்றத்தின் தனி நீதிபதி உணவகச் சங்கங்களின் மனுக்களைத் தள்ளி வழிகாட்டுதலைச் செல்லும் என்றார். 2023இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை 'தடை நிலுவையில் உள்ளது' என்றுதான் சொல்லும். செமினார் அன்று காலை ஒரு தடவை மேல்முறையீட்டு நிலவரத்தை உயர் நீதிமன்றத் தளத்தில் பார்த்துவிட்டுப் போ. சட்ட விஷயத்தில் தேதி வாரியாக அடுக்குவது ரொம்ப முக்கியம்.

குமாஸ்தா_மதுரை

இதே வியாதிக்கு இன்னொரு உதாரணம், தங்கச்சிக்கும் தேவைப்படும். ஹாஸ்பிடாலிட்டிப் பாடக் குறிப்புகளில் டெல்லியின் நீச்சல்குள வழக்கு அடிக்கடி வரும். 1972இல் டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஹோட்டலின் குளத்தில் குதித்த ஜெர்மன் துணை விமானிக்குத் தலையில் அடிபட்டு உடல் செயலிழந்தது. 1997இல் தனி நீதிபதி 50 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுத்து, ஐந்து நட்சத்திரக் கட்டணம் வாங்குபவர் அதற்கேற்ற கூடுதல் கவனமும் காட்டவேண்டும் என்று எழுதினார். ஏஐஆர் 1997 டெல்லி 201. மேற்கோள் காட்ட இனிப்பான தீர்ப்பு! ஆனால் அந்த விமானி வழக்கு நடக்கும்போதே இறந்திருந்தார், மேல்முறையீட்டில் 2002இல் இரு நீதிபதி அமர்வு அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது. இன்றைக்கும் பாதிக் கட்டுரைகள் 1997ஓடு நின்றுவிடுகின்றன. எஸ்சிசி ஆன்லைன், மனுபத்ரா போன்ற கட்டணத் தளங்களில் தீர்ப்பின் தலையிலேயே 'ரத்து', 'பின்பற்றப்பட்டது', 'வேறுபடுத்தப்பட்டது' என்று குறி போட்டுவிடுவார்கள். காசு கொடுப்பது அதற்குத்தான்.

ஈப்போ_வாசகன்

அப்படியானால் கட்டணத் தளம் இல்லாமல் சட்ட ஆய்வே செய்ய முடியாது என்கிறீர்களா? மாணவர்களைப் பயமுறுத்தாதீர்கள்.

குமாஸ்தா_மதுரை

பயமுறுத்தவில்லை. இலவசத் தளத்தில் அந்த வேலையை நாமே செய்யவேண்டும், நேரம் பிடிக்கும், தவறவும் வாய்ப்பு அதிகம். கோர்ட்டில் வாதாடப் போகிறவன் இலவசத் தளத்தை மட்டும் நம்பிப் போகமாட்டான்.

அட்டவணை_அக்கா

அவள் கோர்ட்டுக்குப் போகவில்லையே, ஆய்வேடு எழுதுகிறாள். முக்கியமான ஏழெட்டுத் தீர்ப்புக்கு 'சைட்டட் பை' பட்டியலைக் கையால் பார்த்தால் போதும். எஸ்சிசி ஆன்லைன் பக்கத்திலுள்ள ஏதாவது சட்டக் கல்லூரி நூலகத்தில் இருக்கும், உன் கல்லூரி நூலகரிடமிருந்து ஒரு கடிதம் கொண்டுபோனால் உட்கார்ந்து பார்க்க விடுவார்கள். எல்லா இடத்திலும் விடுவார்கள் என்று உத்தரவாதம் இல்லை, போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போகவேண்டும்.

குமாஸ்தா சார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சட்டம் படிக்காத மாணவியை முதல் நாளே அந்தத் திரைக்கு முன் உட்கார வைத்தால் மிரண்டுபோவாள்.

திருச்சி_மாணவி

சண்டை வேண்டாம் :) இரண்டையும் செய்கிறேன். ஆய்விதழ்ப் பக்கம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் அக்கா. பல கட்டுரைகள் சுருக்கம் மட்டும் காட்டிவிட்டுக் காசு கேட்கின்றன.

அட்டவணை_அக்கா

முதலில் எந்த இதழ்கள் என்று தெரிந்துகொள். சட்டமும் நடைமுறையும் கலந்த கட்டுரைகளுக்குக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் காலாண்டிதழ். 1960இல் தொடங்கியது, அப்போது 'கார்னெல் ஹோட்டல் அண்ட் ரெஸ்டாரண்ட் அட்மினிஸ்ட்ரேஷன் குவார்ட்டர்லி' என்று பெயர். 2008இல் 'கார்னெல் ஹாஸ்பிடாலிட்டி குவார்ட்டர்லி' ஆனது. இதழ்ப் பெயரால் வடிகட்டினால் இரண்டு பெயரையும் போடவேண்டும், இல்லாவிட்டால் பழைய கட்டுரைகள் ஒன்றுகூட வராது. இன்கீப்பர் பொறுப்பு பற்றிய அமெரிக்க விவாதத்துக்குப் பழைய பெயரில்தான் தேடவேண்டும். இப்போது சேஜ் வெளியிடுகிறது. அடுத்தது எல்சவியரின் 'இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஹாஸ்பிடாலிட்டி மேனேஜ்மென்ட்'. அதில் சட்டம் குறைவு, பாதுகாப்பு, கெஸ்ட் நம்பிக்கை பற்றிய ஆய்வுகள் உண்டு.

காசு விஷயம். அரசுக் கல்லூரி, பல்கலைக்கழகம் என்றால் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் இருக்கிறதா என்று நூலகரிடம் கேள். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்து 2025 ஜனவரியிலிருந்து நடக்கிறது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். எல்சவியர், சேஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் எல்லாம் உள்ளே. ஆனால் இது ஆய்விதழ்களுக்கான திட்டம், எஸ்சிசி போன்ற தீர்ப்புத் தளங்களை இதில் தேடாதே. தனியார் கல்லூரி என்றால் டெல்நெட் என்ற நூலகக் கூட்டமைப்பில் உறுப்பினரா என்று பார், வேறு நூலகத்திலிருந்து கட்டுரையை வரவழைத்துத் தருவார்கள்.

இரண்டும் இல்லையா, கட்டுரைத் தலைப்பை கூகுள் ஸ்காலரில் போட்டு 'ஆல் வெர்ஷன்ஸ்' என்பதைச் சொடுக்கு. ஆசிரியரே தன் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் இலவசப் பிரதி வைத்திருக்கலாம். கார்னெலின் இ-காமன்ஸில் அவர்கள் ஹோட்டல் பள்ளியின் ஆய்வறிக்கைகள் திறந்தே கிடக்கின்றன. அதுவும் இல்லாவிட்டால் ஆசிரியருக்கு மரியாதையாக இரண்டு வரி மின்னஞ்சல். பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள், தன் கட்டுரையைப் படிக்க ஒருவர் கேட்டால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது.

சோத்கங்காவை மறந்துவிடாதே. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் முழுசாக அதில் இருக்கின்றன, இன்ஃப்ளிப்நெட் நடத்துகிறது. தரம் ஒரே மாதிரி இருக்காது, சிலவற்றைப் படித்தால் தூக்கம்தான் வரும். ஆனால் இரண்டாம் அத்தியாயத்தையும் நூற்பட்டியலையும் பார், நாலு மாத வேலையை யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருப்பார்கள். அதை அப்படியே நகலெடுக்காமல் ஒவ்வொரு மூலத்தையும் நீ திறந்து படிக்கவேண்டும், அவ்வளவுதான்.

முன்வாசல்_பாண்டி

தொழிலாளர் பக்கமும் பார்க்கப் போகிறாயா? வண்டி தொலைந்தால் முதலில் சம்பளத்தில் கை வைப்பது வாலே பையனிடம்தான். அதைப் பற்றி ஒருத்தரும் எழுதமாட்டார்கள்.

திருச்சி_மாணவி

அது என் தலைப்பில் இல்லை, ஆனால் நேர்காணலில் கண்டிப்பாகக் கேட்கிறேன் சார். தமிழ்நாட்டில் ஹோட்டல் ஊழியர் சட்டம் என்று தேடினேன், ஒன்றும் சரியாக வரவில்லை.

குமாஸ்தா_மதுரை

சட்டத்தின் தலைப்பில் ஹோட்டல் என்ற பெயரே இல்லை, அதனால்தான். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு கேட்டரிங் எஸ்டாப்ளிஷ்மென்ட்ஸ் சட்டம் என்று தேடு. டெல்லியில் 2025 வரை இருந்த போலீஸ் பதிவில் உணவகத்துக்குப் பெயர் 'ஈட்டிங் ஹவுஸ்'. சட்ட வாசகத்துக்கு மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளம், அதில் மாநிலச் சட்டங்களும் உண்டு. எந்தச் சட்டத்தைத் திறந்தாலும் 2ஆம் பிரிவில் இருக்கும் வரையறைகளை முதலில் படி. அந்தச் சட்டம் ஹோட்டலை என்ன பெயரில் கூப்பிடுகிறது என்று அங்கே தெரிந்துவிடும், அதையே தேடல் பெட்டியில் போடலாம். சம்பளப் பிடித்தம், தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாம் இப்போது மாறிக்கொண்டிருக்கிற இடம், எழுதும் தேதியில் எது அமலில் இருக்கிறது என்று பார்த்துப் போடு.

திருச்சி_மாணவி

ஒரு வாரமாக நீங்கள் சொன்னபடி தேடினேன். 'பெய்ல்மென்ட்' ஆண்ட் 'ஹோட்டல்' ஆண்ட் 'வாலே' போட்டதும் கானூனில் நுகர்வோர் ஆணையங்களின் உத்தரவுகள் நிறைய வந்தன. மாநில ஆணையம், தேசிய ஆணையம் இரண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் அவ்வளவாக இல்லை. இது சரியா, நான் ஏதாவது விட்டுவிட்டேனா?

எப்ஸ்கோவில் நெருக்கத் தேடல் போட்டதும் பேலன்ஸ் ஷீட் தொல்லை போயே போய்விட்டது அக்கா. டிக்கை எடுத்துவிட்டுத் தேடியதில் இரண்டு சட்டக் கட்டுரை புதிதாக வந்தது. வழிகாட்டி முதலில் முகம் சுளித்தார், ஹார்வர்டு என்று சொன்னதும் சரி என்றார் :)

குமாஸ்தா_மதுரை

சரிதான். கெஸ்ட் என்பவர் நுகர்வோர், அதனால் இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை நுகர்வோர் ஆணையத்தில்தான் நடக்கும். தாஜ் வழக்கே மாநில ஆணையம், தேசிய ஆணையம் என்று ஏறித்தான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆணையங்களின் உத்தரவுகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடாதே, அது நீதிமன்றங்களுக்கு. ஆணையங்களுக்கு இப்போது இ-ஜாக்ருதி என்று தனித் தளம்.

ஆனால் எடை பார்த்து வை. மாவட்ட ஆணையத்தின் உத்தரவு வேறு எவரையும் கட்டுப்படுத்தாது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லோரையும் கட்டும். ஆய்வேட்டில் இரண்டையும் ஒரே வரிசையில் 'நீதிமன்றங்கள் கூறின' என்று எழுதினால் சட்டம் தெரிந்த தேர்வாளர் முதல் கேள்வியே அங்கேதான் கேட்பார்.

திருச்சி_மாணவி

புரிந்தது அண்ணா. கடைசியாக ஒன்று: தொகுப்பு எதிலும் அச்சாகாத மாநில ஆணைய உத்தரவை ஆய்வேட்டில் எப்படிக் குறிப்பது? எஸ்சிசி எண் கிடையாதே.

குமாஸ்தா_மதுரை

இரு தரப்பின் பெயர், மேல்முறையீடு அல்லது புகார் எண்ணும் ஆண்டும், ஆணையத்தின் பெயர், உத்தரவு தேதி. இந்த நான்கும் போதும். தளத்தில் எடுத்தது என்றால் எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தாய் என்றும் போடு. உத்தரவின் பிடிஎஃப்பை இறக்கி உன்னிடம் வைத்துக்கொள், தளம் மாறும்போது பழைய இணைப்புகள் செத்துப்போகும்.

அட்டவணை_அக்கா

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வழக்கு எண்ணை முதலில் போடு, 'பதிவிறக்கம் 17' என்று வைத்தால் வைவாவுக்கு முந்தின நாள் அழுவாய். மேற்கோள்களைத் தொகுக்கும் ஜோட்டெரோ மென்பொருள் இலவசம், அதில் போட்டு வை. அதில் தீர்ப்புகளுக்குத் தனி வகை உண்டு, 'கேஸ்' என்று தேர்ந்தெடு. ஆனால் அது தானாக எடுக்கும் விவரத்தை நம்பாமல் தேதியையும் எண்ணையும் நீயே ஒரு தடவை சரிபார்த்துவிடு.